பச்சைக் கிண்ணத்தை உடைத்தவன் எழுதுவது

என் பிரியமுள்ள யோகண்ணனுக்கு,

உங்க பேருக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. அமெரிக்காவிலேர்ந்து. நம்ம கம்பெனி விலாசம் போட்டு, உங்க முழுப் பேரையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்காங்க. நீங்க இந்த அரபு நாட்டுத் தம்மாமை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆச்சு. உலகத்தை விட்டே போய் எட்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல இப்ப இருக்கிறவங்க யாருக்கும் உங்களைத் தெரியாது. பழைய ஆள்னு நானும் மேனேஜரும்தான் மிச்சம். அதனால கவரைக் கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டாங்க.

மூணு நாள் நான் அதைப் பிரிக்கலை. அனுப்பினவங்க பேரைப் பார்த்ததுமே கவரை என் பெட்டிக்கு அடியில தள்ளிட்டேன். ரூத் அம்மா.

என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா நான் அதை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை, என் பொண்டாட்டிகிட்டகூட. அதனால முதல்லேர்ந்து சொல்றேன். எங்கேயாவது எனக்குச் சாதகமா மாத்திச் சொன்னா, பிடிக்க வேண்டிய ஆள் நீங்க. நீங்க இல்லைங்கிறதால நானே என்னைக் கவனிச்சுக்கணும்.

வீடு காலி பண்ணிப் போறவங்க சாமான்களைப் பேப்பர்ல சுத்தி, பெட்டியில அடுக்கி, கப்பலுக்கு அனுப்புறது நம்ம வேலை. நான் சுத்துறவன். நீங்க லிஸ்ட் எழுதுறவர். நான் சிவகங்கைப் பக்கத்து ஆள், பத்தாவதோட நின்னவன். நீங்க யாழ்ப்பாணத்துல பிறந்து, அங்கேயிருந்து துரத்தப்பட்டு, வன்னியில குடும்பத்தை வச்சுட்டு வந்தவர். நல்ல இங்கிலீஷ். ஆளுங்க தங்குற கம்பெனி கேம்ப்ல எனக்கு மேல் கட்டில் உங்களுக்கு. நாலு வருஷம் ஒரே அறை.

ரெண்டாயிரத்து நாலு. வெளிநாட்டுக்காரங்க இருக்கிற காம்பவுண்டுகளைத் தேடித் துப்பாக்கியோட ஆளுங்க வர்றாங்கன்னு ஊர் முழுக்கப் பேச்சு. அதுல பாதி பேச்சு, பாதி நிஜம். அமெரிக்கக் குடும்பங்க ஒண்ணு பின்னால ஒண்ணா கிளம்பினாங்க. நமக்கு ஓய்வே இல்லை. தினமும் ஒரு வீடு, சில நாள் ரெண்டு வீடு.

பயம் காம்பவுண்டு வாசல்லதான் ஆரம்பிக்கும். சிமெண்ட் கட்டைகளுக்கு நடுவுல வண்டி வளைஞ்சு வளைஞ்சு போய் நிக்கும். மணல் மூட்டைக்குப் பின்னால துப்பாக்கி. ஒரு சிப்பாய் நீளக் கம்பியில கட்டின கண்ணாடியை வண்டிக்கு அடியில விட்டுப் பார்ப்பான். நாய் மோந்து பார்க்கும். முன்னாலயும் பின்னாலயும் வேற வேற லாரிங்க. எதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? உள்ள இருக்கிறவங்களுக்குச் சுவர் இருந்தது. வாசல்ல காத்துக் கிடக்கிற நமக்கு வண்டியோட தகரம்தான். அந்த முக்கால் மணி நேரமும் நீங்க பக்கத்து லாரியோட டிரைவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ஒரு நாள் கேட்டேன், ஏண்ணே அப்படிப் பார்க்கிறீங்கன்னு. "அவனுக்கும் எங்களைப் போலப் பயத்தில வேர்த்துக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை"ன்னு சொன்னீங்க.

ரூத் அம்மா வீட்டுக்கு நாம போனது அப்படி ஒரு காலைப் பொழுதுல. ஸ்கூல் டீச்சர், அறுபதை நெருங்கின வயசு, புருஷன் இறந்து தனியா இருந்தாங்க. வெள்ளை வெளேர்னு தலைமுடி. அடுத்த நாள் விமானம்னு சொல்லியிருந்தாங்க, ஆனா வீட்டுல ஒரு பொருளும் எடுத்து வைக்கலை. சமையலறை ஜன்னல் ஓரத்துல மரப் பலகை மூணு வரிசை. மூணுலயும் பச்சைக் கண்ணாடி. கிண்ணம், தட்டு, கோப்பை, எலுமிச்சை பிழியறது, உப்புப் போட்டு வைக்கிறது, எல்லாம் ஒரே இளம்பச்சை. வெயில் அதுக்குள்ள நுழைஞ்சு சுவர்ல பச்சையா விழுந்திருந்தது. நான் வாசல்லயே நின்னுட்டேன். இத்தனையையும் சுத்தணுமேன்னு ஒரு பயம். எவ்வளவு அழகா இருக்குன்னு தோணினது அதுக்கப்புறம்தான்.

வேற சாமானும் இருந்தது. மரத்துல செதுக்கி வர்ணம் பூசின வாத்துங்க ஆறு. நிஜ வாத்தை ஏமாத்திக் கூப்பிடக் குளத்துல மிதக்க விடுறதாம், அந்தம்மாவோட தாத்தா செஞ்சது. கன்னங்கரேல்னு இரும்பு வாணலி. கட்டில் மேல துண்டுத் துணிகளை வச்சுக் கையால தைச்ச ஒரு பெரிய போர்வை. நான் வாத்தைச் சுத்தினேன், வாணலியைச் சுத்தினேன், கண்ணாடிப் பக்கம் கடைசியாத்தான் போனேன். முதல்ல கையில எடுத்தது ஒரு கிண்ணம். அப்பத்தான் சைரன் அடிச்சது.

நான் நின்ன இடத்துலயே நின்னேன். நீங்க என் சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்க. அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல ஏதோ கேட்டீங்க. அப்புறம் என்கிட்ட, "ஜன்னல் இல்லாத அறை எது எண்டு கேட்டனான். வாரும்." குளியலறைக்குள்ள மூணு பேரும் போய்க் கதவைச் சாத்தினோம். அந்தம்மா தொட்டி ஓரத்துல உட்கார்ந்தாங்க. நீங்க கதவை ஒட்டித் தரையில. நான் மூலையில. கிண்ணம் என் கையிலயே இருந்தது. கீழ வைக்கணும்னு தோணலை.

வெளியில ஒலிபெருக்கி அரபியில என்னமோ கத்துச்சு. தூரத்துல ரெண்டு மூணு தடவை டப் டப்னு சத்தம். வண்டியோட சைலன்சரா, துப்பாக்கியா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தம்மா உதடு நடுங்கினது. நீங்க அவங்களைப் பார்த்து, என் கையில இருந்த கிண்ணத்தைக் காட்டி, ஒரு கேள்வி கேட்டீங்க. அந்த நேரத்துல கேக்கிற கேள்வியான்னு நினைச்சேன். இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டிருக்கீங்க.

அவங்க பேச ஆரம்பிச்சாங்க. குரல் முதல்ல உடைஞ்சு உடைஞ்சு வந்தது, போகப் போகச் சரியாச்சு. நீங்க துண்டு துண்டாத் தமிழ்ல சொன்னீங்க.

"தாய் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அங்க சரியான கஷ்டமாம். வேலை இல்லை, சாப்பாடு இல்லை. ஓட்ஸ் விக்கிற கொம்பனி பெட்டிக்குள்ள ஒரு கண்ணாடிச் சாமான் போட்டு வித்ததாம். உள்ளுக்க கோப்பையோ தட்டோ, திறந்து பாத்தால்தான் தெரியும்."

"சும்மாவா கொடுத்தாங்க?"

"ஓம், சும்மாதான். மெஷினில அச்சில ஊத்தி எடுத்த மலிவுக் கண்ணாடி. வடிவாப் பாரும், ஓரத்தில அச்சுக் கோடு தெரியும், உள்ளுக்க குமிழ் இருக்கும். படம் பாக்கப் போற பொம்பிளையளுக்கும் தட்டு குடுத்தவங்களாம். செட் சேர வேணுமெண்டால் கிழமைக்குக் கிழமை போக வேணும்."

எங்க வீட்டுலயும் காப்பித்தூளோட கொடுத்த கண்ணாடி டம்ளர் இருந்ததுன்னு நான் சொன்னேன். நீங்க அதை அவங்ககிட்ட இங்கிலீஷ்ல சொன்னீங்க. அவங்க என்னைப் பார்த்தாங்க. முதல் தடவையா முகத்தைப் பார்த்தாங்க. அந்த டம்ளர் இப்ப இருக்கான்னு கேட்டாங்க. உடைஞ்சு போச்சுன்னு சொன்னேன்.

அப்புறம் போர்வையைப் பத்திச் சொன்னாங்க. மாவு மூட்டைத் துணியை வெட்டி அம்மாமார் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறதைப் பார்த்துட்டு, மாவுக் கம்பெனிங்க மூட்டைத் துணியிலேயே பூப்போட்டு அச்சடிச்சாங்களாம். கம்பெனி பேரு மட்டும் தண்ணியில கழுவினா போயிடுமாம். அந்தச் சட்டைங்க கிழிஞ்ச பிறகு அதுல மிஞ்சின துண்டுங்கதான் போர்வை. அவங்க அம்மா தைச்சது. ஒவ்வொரு துண்டும் யார் போட்ட சட்டைன்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பச்சைக் கிண்ணம் அம்மாவுக்குப் பெட்டியில வந்த முதல் சாமான். அதுக்குப் பொருத்தமா மத்ததையெல்லாம் இவங்க முப்பது வருஷமா ஒவ்வொரு ஊர்லயும் பழைய சாமான் கடையில தேடிச் சேர்த்தாங்களாம். ஏழைங்களுக்கு இனாமாக் கொடுத்த கண்ணாடியை இப்ப அமெரிக்காவுல தேடித் தேடி வாங்குறாங்களாம்.

அத்தனை நேரமும் நீங்க கதவுக் கைப்பிடியைப் பிடிச்சிருந்தீங்க. எழுந்தப்ப பார்த்தேன், பித்தளையில உங்க விரல் அடையாளம் ஈரமா இருந்தது. உங்களுக்குப் பயம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். "எனக்கும் பயம்தான். உமக்கு இது முதல் தரம். எனக்குப் பழக்கம், அவ்வளவுதான்"னு சொன்னீங்க.

சைரன் நின்னதும் காவல்காரங்க வந்து கதவைத் தட்டினாங்க. அந்தம்மாவை அப்பவே, அந்த நிமிஷமே, விமான நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு உத்தரவு. ரெண்டு பையை எடுத்துக்கிட்டாங்க. வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்து உங்ககிட்ட ஏதோ சொன்னாங்க. வீடு முழுக்க நம்மை நம்பிப் போட்டுட்டுப் போறாங்கன்னு சொன்னீங்க. உங்க வீட்டையே பூட்டறவர் மாதிரி நீங்க அந்தக் கதவைச் சாத்தினீங்க.

அதுக்கு மேல நடந்ததைச் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா சொல்லணும்.

சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு அவசரம். தட்டு, கோப்பை எல்லாம் சுத்தி முடிச்சேன். அந்தக் கிண்ணம் மட்டும் பாக்கி. கையில எடுத்தேன். வெளியில நம்ம டிரைவர் லாரியோட பின்கதவைப் படார்னு சாத்தினான். குண்டுன்னு நினைச்சேன், அண்ணே. ரெண்டு கையாலயும் தலையைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சேன். கிண்ணம் தரையில.

அந்தச் சத்தத்துக்கு நீங்களும் குனிஞ்சீங்க. அப்புறம் நிமிர்ந்து தரையைப் பார்த்தீங்க. நான்தான் முதல்ல பேசினேன்.

"லிஸ்ட்ல ஏற்கெனவே விரிசல்னு எழுதிடுங்கண்ணே. அந்தம்மாதான் போயிட்டாங்களே. யாருக்கும் தெரியாது."

நீங்க குனிஞ்சு துண்டுகளைப் பொறுக்கினீங்க. "அந்த மனிசி பெட்டியைத் திறந்து முதல்ல இதைத்தான் தேடும், காளிமுத்து. நான் பொய் எழுத மாட்டன்."

"அப்ப என் பேரைப் போடாதீங்க. எனக்கு விசா புதுப்பிக்கிற நேரம். பொண்ணு பொறந்து மூணு மாசம்தான் ஆகுது. நான் இன்னும் அவ முகத்தைப் பார்க்கலைண்ணே."

நீங்க என்னை நிமிர்ந்து பார்த்தீங்க. உங்களுக்கும் ஒரு மக இருந்தா. அவ பிறந்ததிலேர்ந்து நீங்க இங்கேதான். அது அந்த நேரத்துல என் நினைப்புக்கே வரலை. பயத்துல எனக்கு என் பிள்ளை மட்டும்தான் தெரிஞ்சா.

துண்டுகளை ஒவ்வொண்ணாத் தனித்தனியா சுத்தினீங்க. ஒரு சின்னச் சீட்டு எழுதி உள்ள வச்சீங்க. லிஸ்ட்ல ஒரு வரி எழுதி உங்க கையெழுத்தைப் போட்டீங்க. நான் என்னன்னு கேட்கலை.

மறு வாரம் மேனேஜர் நம்மைக் கூப்பிட்டார். அந்தம்மா வேலை பார்த்த இடத்து ஆபீஸுக்கு லிஸ்ட்டோட நகல் போயிருந்தது. உடைஞ்சதைத் தன்கிட்ட முதல்ல சொல்லாம கஸ்டமர் லிஸ்ட்ல எப்படி எழுதலாம்னு அவருக்குக் கோபம். அமெரிக்கக் குடும்பங்க குறைஞ்சுக்கிட்டு வந்த நேரம், இனி வேலை இருக்காதுன்னு யாரையாவது ஊருக்கு அனுப்பணும்னு வேற இருந்தார். மேஜை மேல தாளைத் தட்டி இந்தியில கேட்டார்.

"யே கிஸ்னே தோடா?"

யார் உடைச்சதுன்னு கேள்வி. "நான்தான்"னு நீங்க சொன்னீங்க. அவர் நம்பலை. லிஸ்ட் எழுதுற ஆள் கையில கிண்ணம் எப்படி வரும்? என் பக்கம் திரும்பி, நீயான்னு கேட்டார்.

"தும்?"

நான் தலையை ஆட்டினேன். இல்லைன்னு.

நான் பேசாம இருந்தேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பேசாம இருக்கலைண்ணே. தலையை ஆட்டினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நீங்க பக்கத்துல நின்னு அதைப் பார்த்தீங்க.

உங்களுக்கு எக்ஸிட் அடிச்சு, ஊருக்குப் போன்னு பாஸ்போர்ட்டைக் கொடுத்தாங்க. கேம்ப் வாசல்ல வேன் வந்து நின்னப்ப உங்க பெட்டியை நான்தான் தூக்கி வச்சேன். "இப்பவே போய்ச் சொல்லிடட்டுமாண்ணே?"ன்னு கேட்டேன். அப்படிக் கேட்கும்போதே, வேண்டாம்னு சொல்லணுமேன்னு உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டேன். உங்களுக்கு அதுவும் தெரிஞ்சிருக்கும்.

"இனிச் சொல்லி என்ன? ரெண்டு பேரும் போறதோ?" அப்புறம் சிரிச்சீங்க. "மகளுக்கு என்னைப் படத்திலதான் தெரியும். இனி நேரில தெரியும்." அப்ப உங்க ஊர்ல சண்டை நின்னு சமாதானம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நல்ல நேரத்துலதான் போறார்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுல நான் ஒண்ணும் செய்யலை. போன்ல கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் சண்டை வர்ற மாதிரி இருக்குன்னு உங்க சம்சாரம் வதனி அக்காவையும் பிள்ளையையும் படகுல இந்தியாவுக்கு அனுப்பினீங்க. படுக்கையில கிடந்த அம்மாவைப் பார்த்துக்க நீங்க நின்னுட்டீங்க. அவங்க கையில என் வீட்டு போன் நம்பரைக் கொடுத்து விட்டிருந்தீங்க. எந்த நம்பிக்கையில அண்ணே என் நம்பரைக் கொடுத்தீங்க? அவங்களைப் போட்ட அகதி முகாம் எங்க மாவட்டத்திலேயே. என் பொண்டாட்டி மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வருவா. உங்க மகளும் என் மகளும் சேர்ந்து விளையாடுவாங்கன்னு சொல்லுவா. நான் லீவுல போன ரெண்டு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி முகாமுக்குப் போகாமலே திரும்பிட்டேன்.

இந்த வருஷம் ஆரம்பத்துல என் பொண்டாட்டி போன் பண்ணினா. நான் அப்ப ஒரு வீட்டுல பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க தண்ணி எடுக்கப் போன இடத்துல ஷெல் விழுந்துச்சாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிஞ்சது. நான் டேப்பை ஒட்டி முடிச்சேன். அடுத்த பெட்டியை எடுத்தேன். அதுக்கும் ஒட்டினேன். அன்னைக்கு முழுக்க ஒட்டிக்கிட்டே இருந்தேன்.

இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில இப்பவும் அந்தக் காலத்துல அமெரிக்கக் குடும்பங்க விட்டுட்டுப் போன சாமான் வருது. தகரக் காப்பிக் கெண்டி, பூப்போட்ட பாத்திரம், மரப் பொம்மை. துபாய் சத்வாவுல கடை வச்சிருக்கிற ஒருத்தர் வந்து அள்ளிக்கிட்டுப் போவார். பழசுக்கு அங்கே தனி மவுசாம். போன மாசம் அவர் ஒரு பச்சைத் தட்டைத் தூக்கி வெயில்ல காட்டிக் குமிழைத் தேடினார். நான் அந்தப் பக்கமே நிக்கலை. நான் இப்ப ஃபோர்மேன். வேலைக்குப் போற வீட்டுல அந்தப் பச்சை கண்ணுல பட்டா வேற ஆளைச் சுத்தச் சொல்லிட்டு வெளியில போயிடுவேன்.

மூணாம் நாள் ரூத் அம்மா கடிதத்தை எடுத்துக்கிட்டு ஆபீஸ்ல டைப் அடிக்கிற மலையாளி ஜோஸ்கிட்ட போனேன். போலீஸ், கேஸ், விசா, எல்லாம் ஒரு சுத்து என் தலைக்குள்ள ஓடிடுச்சு. ஜோஸ் படிச்சுச் சொன்னார்.

ஊருக்குப் போன பிறகு ரூத் அம்மா தங்கச்சி வீட்டுல ஒரே அறையில இருந்தாங்களாம். பெட்டிங்க ஐந்து வருஷமா ஒரு கிடங்குல கிடந்திருக்கு. இப்பத்தான் சொந்தமா ஒரு சின்ன வீடு. இப்பத்தான் பெட்டியைப் பிரிச்சாங்களாம். உங்க சீட்டு கிடைச்சிருக்கு. அதை அப்படியே எடுத்து எழுதியிருந்தாங்க. ஜோஸ் அதை ரெண்டு தடவை படிச்சார்.

"அம்மா, உங்கள் தாயாரின் கிண்ணம் எங்கள் கையில் உடைந்துவிட்டது. துண்டுகள் ஏழு. ஏழும் தனித்தனியாகச் சுற்றியிருக்கின்றன. பிரிக்கும்போது உங்கள் கையை வெட்டிக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவும்."

எங்கள் கையில். லிஸ்ட்ல உங்க பேரு மட்டும், சீட்டுல எங்கள்னு. அந்த வார்த்தைக்குள்ள என்னை வச்சிருந்திருக்கீங்க, எனக்கே தெரியாம.

அந்தம்மா கோபமா எதுவும் எழுதலை. அது விலை உயர்ந்த பொருளே இல்லை, அதைப் பத்தி அவ்வளவு பேசி உங்களை நான்தான் பயமுறுத்திட்டேன்னு எழுதியிருந்தாங்க. அந்தக் குளியலறையில நீங்க கேட்ட கேள்விக்கு நன்றி சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு அவங்களுக்கு மூச்சே விட முடியலையாம், பேச வச்சுத்தான் மூச்சு வந்ததாம். நீங்க எங்கே இருக்கீங்க, மக வளர்ந்துட்டாளான்னு கேட்டிருந்தாங்க. உங்களுக்கு ஒரு மக இருக்கிறதை அவங்ககிட்ட எப்ப சொன்னீங்க?

"பதில் அடிக்கணும், ஜோஸ் பாய்"ன்னு சொன்னேன். நீங்க இறந்துட்டதைச் சொன்னேன். அவர் அடிச்சார். அடுத்த வரியைச் சொன்னேன்: "கிண்ணத்தை உடைச்சது அவர் இல்லை, நான்."

ஜோஸ் கையை நிறுத்தினார். "வேண்டாம், காளி. ஐந்து கொல்லம், ஐந்து வருஷம் கழிஞ்ஞு. ஆரும் கேட்கலை. இது கம்பெனி பேப்பர்ல போகும். மேனேஜர் பார்ப்பார்."

"அடிங்க."

"யோசிச்சியா?"

"யோசிச்சா பயம் வரும். அடிங்க, பாய்."

அந்தத் தாளை எடுத்துக்கிட்டு நானே மேனேஜர் அறைக்குப் போனேன். அவருக்கும் வயசாயிடுச்சு, கண்ணாடி போட்டிருக்கார். எனக்குத் தெரிஞ்ச இந்தியில எல்லாத்தையும் சொன்னேன். உடைச்சது, தலையை ஆட்டினது, எல்லாம். நீங்க செத்ததையும் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டு இருந்தார்.

"கலாஸ், காளி. புரானா பாத்." முடிஞ்சது, பழைய கதைன்னு அர்த்தம். அப்புறம், வண்டி கேட்டுக்கு வந்துடுச்சான்னு கேட்டார்.

ஐந்து வருஷம் நான் தூங்காம சுமந்ததுக்கு ஒரே வார்த்தை. வெளியில வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். அன்னைக்கே நான் சொல்லியிருந்தா, அன்னைக்கும் அவர் கலாஸ்னு சொல்லியிருப்பாரா? ரெண்டு பேரையும் திட்டிட்டு விட்டிருப்பாரா? நீங்க இன்னும் என் கட்டிலுக்கு மேல படுத்திருப்பீங்களா? இல்லை, நான் ஊருக்குப் போயிருப்பேனா? போயிருந்தா என்ன, எங்க ஊர்ல ஷெல்லா விழுது? யாரைக் கேட்கிறது, அண்ணே?

இப்ப வேற ஒரு பயம் வந்திருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்க போன சேதி வந்தப்ப நான் வதனி அக்காவுக்கு போன் பண்ணினேன். அழுது முடிச்சு அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. "அவருக்கு அங்க நல்ல வேலைதான், தம்பி. எங்களைப் பாக்காமல் இருக்க ஏலாமல்தான் விட்டிட்டு வந்தவர். அந்த ரெண்டு வருஷமும் பிள்ளையைத் தோளை விட்டு இறக்கேல்லை. அதை நினைச்சுத்தான் நான் இருக்கிறன்."

நீங்க அவங்ககிட்ட சொல்லவே இல்லை. வேலை போய் வந்தேன்னு சொல்லலை. ஆசைப்பட்டு வந்தேன்னு சொல்லியிருக்கீங்க. அந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அவங்க இருக்காங்க. நான் போய் நிஜத்தைச் சொன்னா அதைப் பிடுங்கின மாதிரி ஆகாதா? சொல்லாம இருந்தா, அது அவங்க நல்லதுக்கா, இல்லை மறுபடியும் நான் தலையை ஆட்டுறதா? எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. உங்ககிட்ட கேட்டா ஒரு வரியில சொல்லியிருப்பீங்க.

இருபத்தஞ்சாம் தேதி எனக்கு லீவு. டிக்கெட் எடுத்தாச்சு. வீட்டுக்குப் போன மறுநாளே முகாமுக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், இனி சாக்குச் சொல்ல முடியாதபடி. ரூத் அம்மாவோட கடிதத்தையும் எடுத்துட்டுப் போறேன். தன் அப்பாவைப் பத்தி அவ்வளவு தூரத்துல இருக்கிற ஒரு அம்மா எழுதினதை உங்க மக படிக்கட்டும். அவ இங்கிலீஷ் நல்லாப் படிக்கிறாளாம்.

வதனி அக்காகிட்ட ரெண்டையும் சொல்லப் போறேன், அண்ணே. உங்களை வேலையை விட்டு அனுப்பினாங்கன்னும், அதுக்குக் காரணம் நான்தான்னும் சொல்லுவேன். கேம்ப் வாசல்ல வேன் நின்னப்ப மகளை நினைச்சு நீங்க சிரிச்ச சிரிப்பையும் சொல்லுவேன். அது பொய் இல்லை. அதை நான் கண்ணால பார்த்தேன், வேற யாரும் பார்க்கலை. நீங்க ஆசையாத்தான் போனீங்கன்னு சாட்சி சொல்ல என்னை விட்டா ஆள் இல்லை. அவங்க என்னைத் திட்டலாம். இனி வராதேன்னு சொல்லலாம். என் பொண்டாட்டி என்னைப் பார்க்கிற பார்வை மாறலாம். எல்லாத்துக்கும் எனக்குப் பயமா இருக்கு.

பயம் போன பிறகு போகலாம்னு இருந்தா நான் சாகுற வரைக்கும் போக மாட்டேன். அதனால பயத்தோடயே போறேன். அக்கா கதவைத் திறந்து, யாருன்னு கேட்டா, உங்க பேரைச் சொல்றதுக்கு முன்னால என் பேரைச் சொல்லுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்க கூடப் பிறக்காத தம்பி,
காளிமுத்து
தம்மாம்